பெயர்ப் பலகைக்கு முன் பெயர்ப் பதிவேடு: முன்னாள் படையினர் சங்கமொன்றைப் பொறுப்பெடுப்பவருக்கு

கேள்வி இதுதான். கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொம்பனித் தெருப் பக்கங்களில் இருக்கும் தமிழ் பேசும் முன்னாள் படையினரும் அவர்களின் குடும்பத்தாரும் சேர்ந்த சிறு சங்கம் ஒன்று. பழைய தலைவர் முதுமையால் விலகிவிட்டார். புதிதாகப் பொறுப்பெடுத்தவர் நவம்பரில் நினைவுநாளை முறையாகச் செய்யவும், உயிர் நீத்தவர்களுக்கும் காணாமற்போனவர்களுக்கும் பெயர்ப் பலகை ஒன்று வைக்கவும் விரும்புகிறார். எதில் தொடங்குவது என்று கேட்கிறார்.

பெயர்ப் பதிவேட்டில் தொடங்குங்கள். பலகையும் மலர் வளையமும் அதற்குப் பிறகு. பதிவேடு இல்லாமல் பலகை வைத்த சங்கங்களில் என்ன நடக்கிறதென்றால், திறப்பு விழா அன்றே ஒரு தாய் வந்து தன் மகனின் பெயரைத் தேடுவார், இருக்காது. அல்லது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும். கல்லில் வெட்டிய பிழையைத் திருத்துவது கடினம். அந்தத் தாயிடம் சென்று சமாதானம் சொல்வது அதைவிடக் கடினம்.

கட்டுப் போட்ட தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் பிரதி வைத்திருக்கலாம், ஆனால் மூலம் கையெழுத்தில் இருக்கட்டும். ஒருவருக்கு எதிரெதிராக இரண்டு பக்கங்கள். இடப்பக்கத்தில் முழுப் பெயர் (தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும்), சேவை இலக்கம், பதவி, படைப்பிரிவு, பிறந்த ஊர், சேர்ந்த திகதி, கடைசியாகக் காணப்பட்ட இடமும் திகதியும். வலப்பக்கத்தில் ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு: படைத் தலைமையகக் கடிதமா, மரணச் சான்றிதழா, கூடப் பணியாற்றியவர் வாயால் சொன்னதா? வாய்மொழித் தகவலைப் பென்சிலால் எழுதுங்கள். ஆவணத்தைக் கண்ணால் பார்த்த பிறகே பேனையால் எழுதுங்கள். பெரும்பாலான பிழைகள் நல்ல மனதோடு, நினைவிலிருந்து சொல்லப்பட்டவை. இருபது, முப்பது வருடம் போனால் ஒரே படைப்பிரிவில் இருந்த இரண்டு சிவகுமார்கள் ஒருவராகிவிடுவார்கள். சேவை இலக்கம் மட்டும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

பெயர்களை நான்கு பகுதியாகப் பிரியுங்கள். களத்தில் இறந்தவர்கள், காயத்தாலோ நோயாலோ சேவையில் இருக்கும்போது இறந்தவர்கள், காணாமற்போனவர்கள், ஓய்வுபெற்ற பின் காலமான உறுப்பினர்கள். முதல் பகுதியும் மூன்றாவதும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நிகழ்ச்சி நிரலைச் சுருக்குவதற்காகவோ பலகையில் இடம் மிச்சம் பிடிப்பதற்காகவோ “வீரமரணம் அடைந்தோர்” என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் எல்லோரையும் சேர்த்துவிடும் வழக்கம் பரவலாக இருப்பதுதான். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமும் 1998 செப்டம்பரில் கிளிநொச்சியும் வீழ்ந்தபோது பல குடும்பங்களுக்கு உடல் வரவில்லை. கடிதம் மட்டும் வந்தது. கிளிநொச்சியில் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச, அதே நிலையிலிருந்த பெற்றோரைத் திரட்டிப் பல ஆண்டுகள் போராடினார். படையினர் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்பதும் அவர்கள் வலியுறுத்திய விடயங்களில் ஒன்று. இலங்கையில் காணாமற்போனவர்களைப் பற்றிச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் 16,000க்கும் அதிகமான முறைப்பாடுகள் பதிவாகின. அவற்றில் 5,000க்கும் மேற்பட்டவை படையினரைப் பற்றியவை. அந்த வீடுகள் பலவற்றில் “இறந்தார்” என்ற வார்த்தையை யாரும் இன்னும் சொல்லவில்லை. அதை ஒரு சங்கம் அழைப்பிதழில் அச்சடித்து அனுப்பக் கூடாது.

ஆகவே காணாமற்போனவரின் பெயருக்கு முன்னால் “அமரர்” வேண்டாம், “காலஞ்சென்ற” வேண்டாம், வெறும் பெயரும் பதவியும் போதும். மரணத் திகதிக்கான இடத்தில் “கடைசியாகக் காணப்பட்டது” என்று எழுதுங்கள். நினைவுரையில் “அவரின் ஆன்மா சாந்தியடைய” என்ற வரி தானாக வந்து விழும். பேசுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சட்ட நிலையையும் தலைவர் தெரிந்திருக்க வேண்டும், குடும்பங்கள் உங்களிடம்தான் கேட்கும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், காணாமற்போய் இறந்ததாகக் கருதப்படுபவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழிவகுத்தது. அந்தக் கடதாசியை வாங்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தில் காணப்படாமைச் சான்றிதழ் என்ற இன்னொரு வழி வந்தது. ஆள் இறந்தார் என்று அது சொல்லாது. ஆனால் காணி, வங்கிக் கணக்கு, கொடுப்பனவு போன்ற விடயங்களைக் குடும்பம் கவனிக்க உதவும். இரண்டு வருடத்துக்கே செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் திகதியைக் குடும்பங்கள் தவறவிடுவது அதிகம். பதிவேட்டின் வலப்பக்கத்தில் அதைச் சிவப்பில் எழுதி, இரண்டு மாதம் முன்னால் தொலைபேசி எடுத்து நினைவூட்டுங்கள். பத்து மலர் வளையத்தைவிட அந்த ஒரு அழைப்பு பெரிய மரியாதை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் வரைவிலக்கணத்தில், களத்தில் காணாமற்போன முப்படையினரும் பொலிஸாரும் அடங்குவர். “அது எங்களுக்கு இல்லை” என்று நினைத்துப் பதியாமல் இருக்கும் படையினர் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சிலவேளை மனைவி மரணச் சான்றிதழ் எடுத்திருப்பார், தாய் “என் பிள்ளை எங்கேயோ இருக்கிறான்” என்பார். இருவரும் சங்கத்துக்கு வருவார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் காணி உறுதிக்கும் எடுத்த சான்றிதழை, மனைவி நம்பிக்கையைக் கைவிட்டதற்கு அடையாளமாக எடுக்காதீர்கள். என் தீர்ப்பு, இருவரும் சேர்ந்து கேட்கும்வரை பெயர் காணாமற்போனோர் பகுதியிலேயே இருக்கட்டும். யார் சரி என்று சங்கம் விசாரிக்கத் தேவையில்லை.

பதிவை எழுதி முடித்த பின் வீட்டுக்குப் போய்க் காட்டுங்கள். இரண்டு பேர் போகட்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. முன்கூட்டியே தொலைபேசி எடுங்கள். அறிவிக்காமல் இரண்டு முன்னாள் படையினர் வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். துக்கச் செய்தி கொண்டுவந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொள்ளாமல், என்ன காரியத்துக்கு வந்தோம் என்பதை உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். “ஏதாவது செய்தி வந்ததா, அம்மா?” என்று கேட்காதீர்கள், வந்திருந்தால் அவரே சொல்லுவார். எழுதியதை வாசித்துக் காட்டி மூன்று விடயம் கேளுங்கள். பெயரை எப்படி எழுத வேண்டும்? எந்தப் பகுதியில் இருக்க வேண்டும்? நிகழ்ச்சியில் படம் வைக்கலாமா, வைத்தால் மாலையும் விளக்கும் வேண்டுமா? கடைசிக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. நம் வீடுகளில் படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் இல்லை என்று பொருள். காணாமற்போனவரின் படத்துக்கு ஆர்வத்தில் ஒரு தொண்டர் மாலை போட்டுவிட்டால், மனைவி எழுந்து போய்விடுவார், அடுத்த வருடம் வரமாட்டார். மாலை இல்லாமல், பக்கத்தில் ஒரு தட்டில் பூ வைத்தால் பெரும்பாலான குடும்பங்கள் ஒத்துக்கொள்ளும். பதிலை எழுதி ஒப்பம் வாங்குங்கள். ஒவ்வொரு வருட அழைப்பிதழோடும் இதே மூன்று கேள்வியுள்ள துண்டு ஒன்றை வைத்து அனுப்புங்கள், மனம் மாறும்.

சமய விடயத்தில் ஒரே நிகழ்ச்சிக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். இந்துக் குடும்பங்கள் திதியில் செய்வார்கள், ஆங்கிலத் திகதி அவர்களுக்கு உதவாது. இறந்தவரின் திதியையும் பட்சத்தையும் பதிவேட்டில் எழுதிவைத்தால் உரிய நாளில் ஒருவர் வீட்டுக்குப் போய் வரலாம். காணாமற்போனவருக்குத் திதி இல்லை. சில குடும்பங்கள் ஆடி அமாவாசையில் செய்வார்கள், சில குடும்பங்கள் எதுவுமே செய்யமாட்டார்கள். சங்கம் இதில் ஆலோசனை சொல்லவே கூடாது. கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2ஆம் திகதி சகல ஆன்மாக்களின் நாளில் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். முஸ்லிம், மலாய்க் குடும்பங்களுக்கு விளக்கும் மாலையும் வேண்டாம், துஆ போதும். ஆகவே பொது நிகழ்ச்சியில் மௌனமும் பெயர் வாசிப்பும் மட்டும் இருக்கட்டும். வழிபாட்டை அவரவர் நாளில் அவரவர் இடத்தில் செய்யட்டும், சங்கத்தின் சார்பில் ஒருவர் கட்டாயம் போகட்டும்.

காணாமற்போனவர்களுக்காக அமெரிக்க முன்னாள் படையினர் விருந்துகளில் ஒரு மேசை வைப்பார்கள். வெள்ளை விரிப்பு, ஒரு ரோஜா, தட்டில் உப்பும் எலுமிச்சைத் துண்டும், கவிழ்த்த கண்ணாடிக் குவளை, ஆளில்லாத கதிரை. இதை அப்படியே கொண்டுவந்து வைக்கும் எண்ணம் சிலருக்கு உண்டு. அங்கே எலுமிச்சை அவர்களின் கசந்த விதிக்கும் உப்பு கண்ணீருக்கும் அடையாளம். நம்மவர் கண்ணுக்கு உப்பும் எலுமிச்சையும் சேர்ந்தால் கண்ணூறு கழிக்கும் சாமான். விளக்கம் சொல்லி முடியும் முன்னரே வயதான தாய்மார் முகம் சுருங்கிவிடும். வெறுங்கதிரை ஒன்றே போதும், முன்வரிசையில் குடும்பத்தார் நடுவில் போடுங்கள். அதில் யாரும் மறந்துபோய் உட்காராதபடி பெயர்ப் பட்டியலின் பிரதியைச் சட்டமிட்டு வைத்துவிடுங்கள்.

இனிப் பணம். 1931இல் இங்கே சூரியமல் இயக்கம் தோன்றியதே பணத்தைப் பற்றிய கேள்வியால்தான். முதலாம் உலகப் போர் முடிந்த நினைவுநாளான நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூவின் வருமானத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. இலங்கை முன்னாள் படையினருக்குக் கிடைத்தது சொற்பம். அதை எதிர்த்து இங்குள்ள முன்னாள் படையினரே சூரியமல் என்ற பூவரசம்பூவை விற்கத் தொடங்கினார்கள், பின்னர் இளைஞர் இயக்கத்தினர் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தார்கள். தொண்ணூறு வருடம் கடந்தும் நினைவேந்தல் சங்கங்கள் பிளவுபடுவது பெரும்பாலும் அதே கேள்வியில்தான். நினைவேந்தலுக்குச் சேர்க்கும் பணத்துக்கும் குடும்ப நலனுக்குச் சேர்க்கும் பணத்துக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவரின் ஒப்பம் வேண்டும் என்று சங்கத்தின் யாப்பில் எழுதுங்கள், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் ஒப்பமிட முடியாது என்றும் சேர்த்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரத்துக்குள் வரவு செலவை ஒரு தாளில் எழுதி எல்லா உறுப்பினருக்கும் கொடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவு இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். சங்கம் இன்னும் பதியப்படவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள், வங்கிகள் கேட்கும்.

நிகழ்ச்சிக்கு வருவோம். விகாரமகாதேவிப் பூங்காவில் இருக்கும் போர் நினைவுத் தூபி பிரித்தானியக் கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யென்ஸ் வடிவமைத்தது. 1923இல் காலிமுகத்திடலில் எழுப்பப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே மாற்றப்பட்டது. அங்கே நவம்பரில் நடக்கும் பொது நினைவேந்தலில் உங்கள் சங்கம் ஒரு மலர் வளையத்தோடு கலந்துகொள்ளலாம். சொந்த நிகழ்ச்சியை வேறொரு நாளில், மண்டபத்திலோ பாடசாலை முற்றத்திலோ வையுங்கள். அதே நாளில் இரண்டும் என்றால் முதியவர்கள் தாங்கமாட்டார்கள். நவம்பரில் கொழும்பில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் இடியோடு வரும், எனவே காலை நேரம் பாதுகாப்பு. ஆனால் பதினொரு மணி வெயிலில் எண்பது வயதுக்காரரை நிறுத்தக் கூடாது. பந்தல் போடுங்கள், கதிரையில் இருந்தபடியே மௌனம் அனுட்டிக்கலாம் என்று அறிவியுங்கள், தண்ணீரோடு ஜீவனிப் பக்கற் சிலவும் வையுங்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கி என்றால் பொலிஸ் அனுமதி வேண்டும். பியூகிள் (படையினரின் ஊதுகொம்பு) ஊதுபவரைப் படைப்பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள், குறைந்தது ஒரு மாதம் முன்னால்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு அரைக்கம்பத்துக்கு இறக்குதல். பெயர் வாசிப்பு. லாஸ்ட் போஸ்ட் (விடைகொடுக்கும் பியூகிள் இசை). இரண்டு நிமிட மௌனம். ரெவெய்லி (துயிலெழுப்பும் பியூகிள் இசை). கொடியை மீண்டும் உச்சிக்கு ஏற்றுதல். மலர் வளையம். கொடியை நேரே பாதியில் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்த தவறு மௌனத்தை உத்தேசமாக அளப்பது. மேடையில் நிற்பவருக்கு நாற்பது விநாடியே இரண்டு நிமிடமாகத் தெரியும். ஒருவர் கையில் ஸ்டொப்வாச் கொடுத்து, அவர் தலையசைத்த பிறகே ஊத வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பெயர்களை ஐந்து விநாடிக்கு ஒன்றாக வாசித்தால் அறுபது பெயருக்கு ஐந்து நிமிடம் போதும். ஓட்டமாக வாசிக்க வேண்டாம். இறந்தவர் பெயர்களை ஒருவரும் காணாமற்போனவர் பெயர்களை இன்னொருவரும் வாசிக்கட்டும், குரல் மாறும்போது பகுதி மாறியது எல்லோருக்கும் விளங்கும். பேச்சு ஒன்றே ஒன்று, ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அரசியல்வாதிக்கு ஒலிவாங்கி கொடுக்க வேண்டாம்.

பூவுக்குப் பூவரசம்பூவை யோசித்துப் பாருங்கள். 1931இன் நினைவும் அதில் இருக்கிறது, கொழும்புக் கரையோரமெங்கும் மரமும் இருக்கிறது. காலையில் மஞ்சளாக விரிந்து மாலைக்குள் செந்நிறமாகி வாடிவிடும், ஆகவே அன்று காலையே பறிக்க வேண்டும், முதல்நாள் பறித்து வைத்தால் பயன்படாது. இரண்டு நாள் நிற்க வேண்டிய வளையத்துக்கு ஓர்க்கிட் நல்லது. ரெஜிபோமில் செய்த வளையம் கடற்காற்றில் கவிழ்ந்துவிடும், கம்பி வளையத்தில் தென்னந்தும்பு சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

பலகைக்குக் கறுப்புக் கிரனைட் எடுங்கள். பித்தளை கடலுப்பில் சீக்கிரம் பச்சை பிடிக்கும், மாதாமாதம் மினுக்க ஆள் கிடைக்காது. வெள்ளை மாபிள் மழையில் பாசி படிந்து எழுத்து மங்கிவிடும். எழுத்தின் உயரம் 20 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பொன்னிற வண்ணம் நிரப்பினால் சில வருடத்தில் உரியும், ஆழமாக வெட்டினால் வண்ணம் போனாலும் வாசிக்கலாம். தமிழெழுத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மணல் வீசி வெட்டும்போது கல்லில் ஒட்டும் எழுத்து ஸ்டிக்கரில் இருக்கும் சிறு புள்ளிகள் கழன்றுவிடும், மெய்யெழுத்தின் புள்ளி போய் “சிவகுமார்” “சிவகுமார” ஆகிவிடுவார். அச்சகத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதும் உண்டு. எனவே கணினித் திரையில் பார்த்து ஒப்பமிடாதீர்கள். முழு அளவில் தாளில் எடுத்து, ஒவ்வொரு பெயரையும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் விரலால் தொட்டு வாசித்து ஒப்பமிட்ட பின்பே வெட்டச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர்கள் படை ஆவணத்தில் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதிலிருந்து திருப்பித் தமிழாக்கினால் “கந்தன்” “காந்தன்” ஆவார். பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள்.

பெயர்களைப் பதவி பார்க்காமல் அகரவரிசையில் போடுங்கள். 1917இல் தொடங்கிய பொதுநலவாய போர்க் கல்லறை ஆணைக்குழு பதவி, இனம், மதம் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரே மரியாதை என்ற கொள்கையில் நிற்கிறது. அதைப் பொரளை கனத்தையிலும் லிவரமெந்து மயானத்திலும் இருக்கும் போர்க் கல்லறைகளில் நேரே போய்ப் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலத்து உறவினரைத் தேடும் குடும்பங்களையும் அந்த ஆணைக்குழுவின் பெயர்ப் பதிவில் தேடச் சொல்லுங்கள், அது இணையத்தில் இலவசம். காணாமற்போனோருக்குப் பலகையில் தனித் தகடு, திருகாணியில் கழற்றக்கூடியதாக. உடல் எச்சம் அடையாளம் காணப்பட்டால் பெயரை இடம் மாற்ற வேண்டி வரும். உலகப் போர் நினைவிடங்களிலும் கல்லறை கிடைத்தவரின் பெயரைக் காணாமற்போனோர் சுவரிலிருந்து எடுக்கும் முறை இருக்கிறது. பலகையில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள், விடுபட்ட பெயர் நிச்சயம் வரும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. தமிழ் பேசும் படைவீரரின் வீட்டில் மறுபக்கத்தில் இறந்த, அல்லது மே 2009இல் வன்னியில் தொலைந்த உறவும் இருக்கலாம். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். உங்கள் பதிவேடு உங்கள் உறுப்பினருக்கானது, அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் மேடையில் “எதிரி” என்ற சொல் ஒருமுறையும் வரக் கூடாது. வெற்றி பற்றிய வாக்கியமும் வேண்டாம். மே 18, 19 திகதிகளில் சங்கத்தின் சார்பில் தேநீர் விருந்தோ ஒன்றுகூடலோ வைக்காதீர்கள். அந்த நாட்களில் வீட்டில் யாருக்காக விளக்கேற்றுகிறார்கள் என்று எந்த உறுப்பினரையும் கேட்காதீர்கள். இதை முதல் செயற்குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள், பிறகு வாக்குவாதம் வராது.

பதிவேட்டின் இரண்டு பிரதிகளை வெவ்வேறு வீடுகளில் வையுங்கள், ஒன்றாவது மேல்மாடியில். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் ஆவணங்கள் நனைந்து போயின. நீங்கள் பதவி விலகும் நாளில் பதிவேடு, குடும்பங்கள் ஒப்பமிட்ட துண்டுகள், காணப்படாமைச் சான்றிதழ்களின் புதுப்பிப்புத் திகதிகள், இரண்டு கணக்குப் புத்தகங்கள், பலகை வெட்டியவரின் விலாசம் ஆகிய ஐந்தையும் அடுத்தவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள்.